கழற்ற முடியாத கத்தரியை வாங்காதீர்கள்!

தோட்டத்துக்குக் கத்தரி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வரி: கழற்ற முடியாத கத்தரியை வாங்காதீர்கள். மேலே படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். 'ஏன், எதுக்கு, யார் சொன்னது' என்று மல்லுக்கட்டுகிறவர்களுக்குத்தான் மீதி.

முதலில் எந்தக் கத்தரி என்று சொல்லிவிட வேண்டும். தையல்கடைக் கத்தரி இல்லை. சாம்பாரில் போடும் கத்தரியும் இல்லை :-) ஒரே கையில் பிடித்து, செடியிலும் மரத்திலும் சின்னக் கிளைகளை நறுக்குகிற, இரண்டு கைப்பிடிக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த கவாத்துக் கத்தரி. கவாத்து என்றதும் போலீஸ்காரர்கள் மைதானத்தில் லெஃப்ட் ரைட் போடுவது ஞாபகம் வரலாம். அதற்கும் இந்தச் சொல்தான். தேயிலை, திராட்சை, மல்லிகைத் தோட்டங்களில் கிளையை வெட்டி ஒழுங்குபடுத்துவதற்கும் இதே சொல்தான்.

பெண்ணாடத்தைச் சுற்றிப் பெரும்பாலும் நெல்லும் கரும்பும். அதனால் இந்தச் சொல் அங்கே அதிகம் காதில் விழாது. ஆனால் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற விருத்தாசலத்துக்குப் போனால் செம்மண்ணும் முந்திரியும். அதையும் தாண்டிப் பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரியோடு பலா. நடுநடுவே கொய்யா, எலுமிச்சை, முருங்கை, மல்லிகை. வீட்டுக்கு வீடு ரோஜாத் தொட்டி வேறு. இத்தனைக்கும் கவாத்து வேண்டும். இத்தனைக்கும் கிடைப்பது என்ன? ஒன்று, வீட்டில் கிடக்கும் அரிவாள். இல்லாவிட்டால், இரும்புக்கடையில் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டித் தொங்குகிற மலிவுக் கத்தரி. இரண்டுமே தப்பு. இரண்டாவது பெரிய தப்பு.

அரிவாள் கட்சிக்கு ஒரு வார்த்தை

'எங்க தாத்தா காலத்துல கத்தரியா இருந்துச்சு? அரிவாளால வெட்டலயா?' என்று ஒரு கட்சி எப்போதும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கரும்பை அடியோடு வெட்டவும், தென்னை மட்டை கழிக்கவும், வேலி முள் தறிக்கவும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்து ஊர் சிரிக்கும், சிரிக்கவும் வேண்டும். அங்கெல்லாம் அரிவாள்தான் சரி. ஓங்கி வெட்டுகிற வேலைக்குச் செய்த கருவி அது.

ஆனால் கவாத்து ஓங்கி வெட்டுகிற வேலை இல்லை. எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதுதான் அங்கே முழு வேலையும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டச் சொல்வார்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே உள்ள மொட்டுகள்தான் கிளைத்து அடுத்த பருவத்துப் பூவைத் தருகின்றன. ஒரு மொட்டுக்குக் கொஞ்சம் மேலே, சாய்வாக, சுத்தமாக வெட்டு விழ வேண்டும். அரிவாள் ஓங்கினால் கிளை ஆடும், பட்டை உரியும், தண்டு பிளக்கும், மொட்டும் போகும். பிளந்த தண்டில் தண்ணீர் தங்கும், பூஞ்சை ஏறும், நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். ரோஜா வளர்த்தவர்களுக்கு இந்த நுனிக்கருகல் நன்றாகத் தெரியும். 'செடி ராசியில்லை' என்று பழியைச் செடிமேல் போட்டுவிட்டுப் புதுச் செடி வாங்குவார்கள். வெட்டிய கருவியை யாரும் விசாரிப்பதில்லை.

இதில் என்ன இவ்வளவு பெரிய விஷயம்?

நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் பல வருஷமாக நின்ற முந்திரியும் பலாவும் ஒரே நாளில் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் என்று ஒரு ஆறுதல் உண்டு. மரம் போனால் அந்த ஆறுதல் கிடையாது. மறுபடி கன்று நட்டு, அது காய்க்கிற வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் கத்தரிக்கு வேலை. ஒட்டுக்கன்று நட்டால், ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் துளிரை அவ்வப்போது நறுக்கி எறிய வேண்டும். விட்டால் அது மேலே வந்து நல்ல ரகத்தை அமுக்கிவிடும். முந்திரிக்கு அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை பக்கக் கிளை இல்லாமல் தண்டை உருவாக்கச் சொல்கிறார்கள். காய்ந்த குச்சிகளை வருஷா வருஷம் எடுக்க வேண்டும். முந்திரி புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். வெயில் படாத, ஒன்றோடொன்று உரசுகிற கிளைக்காடாக விட்டால் மரம் பார்க்கப் பெரிதாக இருக்கும், காய்ப்பு ஓரத்தில் மட்டும் இருக்கும். விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வி.ஆர்.ஐ-3 மாதிரி முந்திரி ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன. ரகம் நல்ல ரகம்தான். அதை வளர்க்கிற கையில் கொடுக்கிற கருவி மட்டும் இரும்புக்கடையிலேயே ஆக மலிவானதா?

சரி, எதை வாங்குவது?

கத்தரியில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடந்து போகும், சாதாரணக் கத்தரி மாதிரியே. ஒன்று கூரான வெட்டு அலகு. மற்றது கிளையைத் தாங்கிப் பிடிக்கிற, வளைந்த மொக்கை அலகு. இதற்கு பைபாஸ் என்று பெயர். இன்னொன்றில் ஒரே ஒரு வெட்டு அலகு. அது நேராக வந்து ஒரு தட்டைக் கட்டைமேல் உட்காரும். காய்கறியைப் பலகைமேல் வைத்து நறுக்குவது போல. இது ஆன்வில். பச்சைக் கிளைக்கு பைபாஸ், காய்ந்த குச்சிக்கு ஆன்வில். ஆன்வில்லால் பச்சைக் கிளையை வெட்டினால் தண்டு நசுங்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ்.

எதுவானாலும் பொதுவாக 2 செ.மீ. தடிமன் வரைதான். கட்டை விரலைவிடத் தடித்த கிளை என்றால் ரம்பம் எடுங்கள். தடிக் கிளையைக் கத்தரியில் கொடுத்து, முறுக்கித் திருகி, இரண்டு கையாலும் அமுக்கி அலகை வளைத்துவிட்டு, 'சைனா மால் சார், தரமில்லை' என்று சொல்வது அநியாயம். அந்தப் பாவம் சைனாக்காரனைச் சேராது.

இப்போது முக்கியமான விஷயம். கத்தரியின் நடுமுடிச்சைப் பாருங்கள். இரண்டு அலகும் சேருகிற இடம். அங்கே நட்டும் போல்ட்டும் இருந்தால் கையில் எடுங்கள். தலை நசுக்கி ரிவெட் அடித்திருந்தால் வந்த வழியே ஆணியில் மாட்டிவிடுங்கள்.

ஏன் என்றால் கத்தரி கெடுகிற வழி இதுதான். வெட்ட வெட்ட முடிச்சு தளரும். இரண்டு அலகுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அந்த இடைவெளியில் பட்டை மாட்டும், மெல்லும். போல்ட் இருந்தால் அரைத் திருப்பு இறுக்கினால் முடிந்தது. ரிவெட் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. கூர் மழுங்கினாலும் அப்படியே. அலகைத் தனியாகக் கழற்றினால்தான் ஒழுங்காகத் தீட்ட முடியும். ஸ்பிரிங் தெறித்துப் புதருக்குள் போனாலும் வேறு போட வழி வேண்டும். அதாவது, ரிவெட் கத்தரி கெட்டுப்போவதற்கென்றே செய்யப்பட்டது. அதை வாங்குகிறவர் கருவி வாங்கவில்லை, ஒரு பருவத்துக்கு வாடகை கட்டுகிறார். அவ்வளவுதான்.

கழற்றிப் பூட்டும் கத்தரி ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. சுவிட்சர்லாந்தில் 1945-இல் ஃபெலிக்ஸ் ஃபிளிஷ் என்பவர் தொடங்கிய ஃபெல்கோ கம்பெனியின் பெயர் நின்றதே இதில்தான். அலகு, ஸ்பிரிங், போல்ட் எல்லாம் தனித்தனியாக வாங்கி மாட்டலாம். உடனே 'அப்போ எல்லாரும் சுவிஸ் கத்தரி வாங்கணுமா' என்று குதிக்க வேண்டாம். மூன்று ரோஜாத் தொட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டுக் கத்தரி வாங்கி, ஷோகேஸில் வைத்துப் படம் எடுப்பதும் இன்னொரு விதக் கோமாளித்தனம். போல்ட் போட்ட, அலகு மாற்றக்கூடிய கத்தரிகள் லூதியானாவிலிருந்தும் வருகின்றன. கேட்டால்தான் கடைக்காரர் வரவழைப்பார். யாருமே கேட்காததால்தான் ரிவெட் தொங்குகிறது.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனைகள் நான்கு. ஒன்று, மேலே சொன்ன போல்ட். இரண்டு, அலகை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. மூன்று, ஒரு செய்தித்தாளை அலகின் நுனி வரை கொடுத்து வெட்டிப் பாருங்கள், கிழியாமல் வெட்ட வேண்டும். நான்கு, கையில் பிடித்துத் திறந்து மூடிப் பாருங்கள். யார் கையில்? வாங்குகிறவர் கையில் இல்லை, வெட்டப் போகிறவர் கையில்!

வெட்டுகிற கை யாருடையது?

சண்டையே இங்கேதான். கத்தரியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பிடிப்பவர் வேறொருவர். பல தோட்டங்களில் கவாத்து வேலை கூலி வேலை. பூந்தோட்டம் என்றால் பெரும்பாலும் பெண்கள். கடையில் கிடைக்கும் கத்தரியோ பெரிய கைக்குச் செய்தது. முழுக்கத் திறந்தால் சின்னக் கைக்கு எட்டாது. விரல் நுனியால் இழுத்து மூட வேண்டியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. பத்து விநாடிக்கு ஒரு வெட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 360. ஆறு மணி நேர வேலைக்கு 2,160. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை, மழுங்கின அலகை, பொருந்தாத பிடியை, பலம் கொண்ட மட்டும் அமுக்கிப் பாருங்கள். முதலில் கட்டை விரல் இடுக்கில் கொப்புளம். அப்புறம் மணிக்கட்டில் வலி. அப்புறம் ராத்திரி விரல் மரத்துப் போவது. இதற்கெல்லாம் தோட்டக் கணக்கில் பத்தி கிடையாது. கை அவங்களுது, வலியும் அவங்களுது.

பெண்ணாடத்துக்காரர்களுக்குக் கலிக்கம்ப நாயனார் கதை தெரியும். பெரியபுராணத்தில் வரும் அந்த ஊர் வணிகர். முன்பு தன்னிடம் வேலை பார்த்துவிட்டுப் போனவர் அடியாராகத் திரும்பி வந்தபோது, அவர் காலைக் கழுவ நீர் வார்க்கத் தயங்கிய மனைவியின் கையை வெட்டினார் என்பது கதை. அந்த வெட்டை இன்று யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் 'நேத்து வரைக்கும் வேலைக்காரன்தானே' என்கிற நினைப்பு தப்பு என்று சொல்ல வந்த கதை அது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த பக்கத்திலேயே, 'கூலிக்காரங்க கையில நல்ல கத்தரி கொடுத்தா தொலைச்சிடுவாங்க' என்று சொல்லி மட்டமானதைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

சில இடங்களில் இன்னும் மோசம். கருவியையும் வேலைக்கு வருகிறவர்தான் கொண்டுவர வேண்டும். கூலியில் அதற்குத் தனிக் காசு கிடையாது. அப்படியானால் அவர் எந்தக் கத்தரியை வாங்குவார்? இருப்பதிலேயே மலிவானதை. வெட்டு மோசமாகும், மரம் பட்டுப்போகும், 'வேலை சுத்தமில்லை' என்று பேச்சும் அவருக்கே. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2001-இல் விவசாய வேலைப் பாதுகாப்புக்கென்று கொண்டுவந்த 184-ஆம் உடன்படிக்கை, டிராக்டர் மாதிரி இயந்திரங்களோடு கைக்கருவிகளையும் சேர்த்தேதான் பேசுகிறது. ஜெனீவாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தது, தோட்டத்து வரப்பில் நிற்பவருக்குத் தெரிய வேண்டாமா?

காமர்ஸ்காரர்களுக்கான பகுதி (மற்றவர்களும் படிக்கலாம்)

தேய்மானப் பாடத்தில் மறுமதிப்பீட்டு முறை என்று ஒன்று வரும். சுத்தியல், ஸ்பேனர், கத்தரி மாதிரிச் சின்னக் கருவிகளுக்கு இந்த முறைதான். வருஷத் தொடக்கத்தில் இருந்த மதிப்போடு வருஷத்தில் வாங்கியதைக் கூட்டி, கடைசியில் மிச்சம் இருப்பதன் மதிப்பைக் கழித்தால் வருவது தேய்மானம். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: வருஷக் கடைசியில் உங்கள் கையில் மிச்சம் என்ன?

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிவெட் கத்தரி 200 ரூபாய், ஒரு வருஷம் ஓடும். ஐந்து வருஷத்துக்கு 1,000. கடைசியில் மிச்சம் பூஜ்யம். போல்ட் கத்தரி 800 ரூபாய், ஐந்து வருஷம் ஓடும், நடுவில் ஒரு அலகும் ஸ்பிரிங்கும் 250. மொத்தம் 1,050. வருஷத்துக்கு 210. 'பார்த்தீங்களா, மலிவுக் கத்தரிதான் பத்து ரூபாய் லாபம்' என்பார்கள். விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் மழுங்கின கத்தரியால் எட்டு மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் வீணாகிறது என்று வையுங்கள். நாள் கூலி 500 என்றால் ஒரு நாளைக்கு 62 ரூபாய் 50 பைசா. வருஷத்தில் 20 நாள் கவாத்து என்றால் 1,250 ரூபாய். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 1,250 ரூபாய் காற்றில் போனது. இதில் பட்டுப்போன கிளை, வராத பூ, மணிக்கட்டு வலிக்கு வாங்கிய தைலம் எதுவும் சேரவில்லை. உங்கள் ஊர் விலையும் கூலியும் வேறாக இருக்கலாம், எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கூலியும் நாளும் சேர்ந்த இடத்தில் கத்தரி விலை சில்லறைக் காசு. விலைச்சீட்டைப் பார்க்கிறவர் கூலியைப் பார்ப்பதில்லை, கோளாறு அங்கேதான்.

வாங்கினால் மட்டும் போதாது

நல்ல கத்தரியை வாங்கி ஒரே வருஷத்தில் கொல்லவும் வழி இருக்கிறது. மழையில் போட்டுவிட்டு வந்தால் போதும். கொல்லாமல் இருக்க ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.

பலாப்பழம் அறுக்கிறபோது கத்தியில் எண்ணெய் தடவ வேண்டும் என்று கடலூர் மாவட்டத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே அறிவு கத்தரிக்கும் போதும். பால் வடிகிற, பிசின் வடிகிற மரத்தில் வேலை செய்யும் முன்பு அலகில் லேசாக எண்ணெய். வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் தொட்டு எடுத்து, காயவைத்து, முடிச்சில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.

நோய் பட்ட செடியை வெட்டினால் அடுத்த செடிக்குப் போகும் முன்பு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் அலகைத் துடைக்க வேண்டும். எலுமிச்சையில் சொறி நோய் இருந்தால் கட்டாயம். இல்லாவிட்டால் கத்தரியே நோயை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கூர் தீட்டுவது மாயவித்தை இல்லை. வெட்டு அலகின் சரிவான பக்கத்தை மட்டும், ஏற்கெனவே இருக்கிற சரிவிலேயே, சாணைக்கல்லை வைத்து அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் தள்ள வேண்டும். தட்டையான பக்கத்தில் எழும்பிய பிசிறை ஒரு தேய்ப்பில் எடுத்தால் போதும். தட்டைப் பக்கத்தையும் சரித்துத் தீட்டினால் இடைவெளி விழுந்து கத்தரி வீண். தாங்கிப் பிடிக்கிற மொக்கை அலகைத் தீட்டவே கூடாது. சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால், சக்கரத்தில் அழுத்திச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பொறி பறந்து நுனி நீலமாகிவிட்டால் இரும்பின் கடினம் அங்கே போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

வெட்டும்போது கூர் அலகு மரத்தில் மிஞ்சப்போகிற பக்கம், மொக்கை அலகு கழிந்து விழப்போகிற பக்கம். மொக்கை அலகு கொஞ்சம் நசுக்கத்தான் செய்யும். அந்த நசுங்கல் கீழே விழுகிற துண்டோடு போகட்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவே பலருக்கு வருஷங்கள் ஆகின்றன.

கடைசியாக

இப்போது பேட்டரிக் கத்தரியும் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் கிளை துண்டாகும். கவனம் தப்பினால் விரலும் துண்டாகும். அதை வாங்குகிறவர்களும் இதே கேள்வியைக் கேளுங்கள்: அலகு தனியாகக் கிடைக்குமா? பேட்டரி செத்தால் மாற்ற முடியுமா? பதில் இல்லை என்றால் அது விலை கூடிய ரிவெட் கத்தரி, வேறொன்றும் இல்லை.

தோட்டம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது மூன்று. கத்தரியை நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலிக்காரர் தலையில் கட்டாதீர்கள். வாங்கும்போது வெட்டப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போய் அவர் கைக்குப் பொருந்துவதை எடுங்கள். தீட்டவும் துடைக்கவும் ஆகிற நேரத்தை வேலை நேரத்திலேயே சேர்த்துக் கூலி கொடுங்கள். மூன்றுமே செலவு பிடித்த காரியம் இல்லை. மூன்றும் முடியாது என்கிறவர், முந்திரி காய்க்கவில்லை, மல்லிகை பூக்கவில்லை, வேலைக்கு ஆள் வரவில்லை என்று டீக்கடையில் புலம்புவதையாவது நிறுத்தலாம்.

தோட்டம் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை பெண்ணாடமோ, விருத்தாசலமோ, திட்டக்குடியோ, எந்த ஊர் இரும்புக்கடையிலாவது கத்தரி தொங்குவதைப் பார்த்தால், 'போல்ட் போட்டது இருக்கா அண்ணே?' என்று கேட்டுவிட்டு வாருங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு வரவழைத்து வைத்திருப்பார்.